நீலா தூக்கிய ராக்கெட்

அந்த ஞாயிற்றுக்கிழமை காஞ்சன்பாக் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் கிளப் ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு காலனியில் பாதிப் பேர் தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அம்பயர் நாற்காலியில் ஜேம்ஸ். முன்வரிசை சோபாவில் கிளப் செக்ரட்டரி பத்ரிநாராயணன். பாட்மின்டன் கோர்ட்டின் ஒரு பக்கம் அவருடைய மகள் நீலா, எதிர்ப்பக்கம் செகந்திராபாத் பெண் வேதா. சுவரோரம் ஸ்டோர்ஸ் தேவராஜும் அவனுடைய ஷிஃப்ட் ஆட்களும். கடைசி பெஞ்சில் செல்லம்மாள். கோர்ட்டை ஒட்டி, இரும்பு நாற்காலியில் முதுகு சாய்க்காமல், செல்லம்மாளின் மகனும் நீலாவின் கோச்சுமான ஜம்புநாதன்.

செல்லம்மாள் இப்படி ஒரு ஹாலுக்குள் காலெடுத்து வைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. “எனக்கென்னடா புரியப் போறது அங்கே?” என்று மறுத்தவளை, “இன்னிக்கு நீ வந்தே ஆகணும்” என்று ஆட்டோ வைத்துக் கூட்டி வந்திருந்தார் ஜம்புநாதன்.

அவள் கடைசியாகப் பார்த்த ஆட்டம் அறுபத்தாறில், மாநில அணித் தேர்வின்போது. ஜம்புநாதனும் பத்ரியும் மோதினார்கள். முடிவான பாயிண்டில் ஜம்பு அடித்த ஷட்டில் பத்ரியின் ராக்கெட் விளிம்பை உரசிவிட்டுக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. உரசினால் அது அடித்தவனுக்குப் பாயிண்ட். அதைத் தானே ஒப்புக்கொண்டு ராக்கெட்டைத் தூக்குவது ஆட்டக்காரனின் மரியாதை. பத்ரி தூக்கவில்லை. ஜம்பு “டச்!” என்றார். அன்றைக்கும் அம்பயர் ஜேம்ஸ்தான். அவர் பத்ரியைக் கேட்டார்.

“தொட்டிருந்தா சத்தம் கேட்டிருக்குமோன்னோ?” என்று பத்ரி சிரித்தார். ஹாலே சிரித்தது.

ஜம்புவின் அப்பா சாம்பசிவம் எழுந்து நின்று, “என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான்” என்றார். யாரோ விசிலடித்தார்கள். மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்கு ‘டச் குடும்பம்’ என்று பெயர். கறிகாய்க் கடையில் ‘டச் மாமா வராரு’ என்று காதில் விழுந்த பிறகு சாம்பசிவம் கடைத்தெருவுக்குப் போவதையே விட்டார். தலை நிமிர்ந்து நடந்த மனிதர், தலை நிமிராமலே போய்ச் சேர்ந்தார்.

மாநில அணிக்கு ஆடியதால் பத்ரி தொழிற்சாலையில் ஆபீசரானார். அதே தொழிற்சாலையில் ஜம்புநாதனுக்குக் கிளார்க் வேலை கிடைத்தது. முழங்கால் இடம் கொடுக்கும் வரை கம்பெனிக்காக ஆடினார். பிறகு பாட்டியாலா போய் கோச்சுக்குப் படித்துவிட்டு வந்தார். கிளப்புக்கு விருந்தாளி யார் வந்தாலும் பத்ரிநாராயணன் ஜம்புநாதன் தோளில் கை போட்டு, “இவர்தான் எங்க டச் ஜம்பு” என்று அறிமுகம் செய்வார். ஜம்புநாதன் அந்தக் கையை விலக்கியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் சட்டையை வாளியில் போட்டுவிடுவார்.

இப்படிப்பட்ட பத்ரிதான் போன வருஷம் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். “ஜம்பு, ஊர்ல உன்னை விட்டா வேற கோச் இல்லே. இவ ஸ்டேட் ஆடணும்.”

“ஆடுவா” என்றார் ஜம்புநாதன்.

முதல் வாரமே நீலாவின் ராக்கெட்டில் ஷட்டில் உரசியது. அவள் ராக்கெட்டைத் தூக்கவில்லை.

“ஏன் தூக்கலே?”

“கைக்கு சார், ஏன் தூக்கணும்? அம்பயர் பாக்கலேன்னா பாயிண்ட் நமக்குத்தானே?”

“யார் சொன்னா?”

“அப்பா.”

ஜம்புநாதன் நெட்டை அவிழ்த்துச் சுருட்டினார். “இன்னிக்கு ஆட்டம் அவ்வளவுதான். வீட்டுக்குப் போ.”

“சார், நக்கோ சார், வேணாம் சார்! இன்னும் ஒரு கேம் சார்!”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவர் கோர்ட்டின் சட்டமானது. உரசியும் ராக்கெட் தூக்காவிட்டால் அன்றைய ஆட்டம் அதோடு சரி. ஆட்டமே உயிராக இருந்த பெண் அவள். மழைக்காலம் முடிவதற்குள், உரசியது மனதுக்கு எட்டுமுன்னே அவள் கை தானாக மேலே போனது. ஸ்மாஷும் டிராப்பும் ஒரு குறையில்லாமல் சொல்லிக்கொடுத்தார். எதையும் ஒளித்து வைக்கவில்லை. அவள் இறுதி ஆட்டத்துக்கு வர வேண்டும், அதை அவள் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

வந்தாள். ஜெயிப்பவளுக்கு மாநில அணியில் இடம். மூன்றாவது கேம். பதினொன்றில் முடியும் ஆட்டத்தில் வேதா பத்து, நீலா எட்டு, செர்வீஸ் வேதாவிடம். வேதா தூக்கி அடித்த ஷட்டில் நீலாவின் தலைக்கு மேல் நீளமாகப் போனது. அடிக்கப் போன நீலா, வெளியே போகிறது என்று ராக்கெட்டை இழுத்துக்கொண்டாள். கோட்டைத் தாண்டி விழுந்தது.

“அவுட். செர்வீஸ் ஓவர்” என்று செர்வீஸை நீலாவுக்கு மாற்றினார் ஜேம்ஸ்.

நீலாவின் ராக்கெட் மேலே போயிருந்தது. “டச், சார்.”

தொட்டிருந்தால் அந்தப் பாயிண்டும் ஆட்டமும் வேதாவுக்கு. பத்ரிநாராயணன் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார். “இல்லே! அவ தொடலே! ஜேம்ஸ், நீ அவுட் குடுத்தாச்சு!”

“தொட்டுது ப்பா.”

“வாயை மூடு! தொட்டிருந்தா சத்தம் கேட்டிருக்காதா?”

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு உறைத்தது. ஜம்புநாதன் மெதுவாக எழுந்தார்.

“இதே வார்த்தையை அறுபத்தாறிலேயும் சொன்னேள், பத்ரி சார். உங்க பொண்ணு தூக்கிட்டா. நீங்க அன்னிக்கு ஏன் தூக்கலே?”

பத்ரிநாராயணன் ஜேம்ஸைப் பார்த்தார். ஜேம்ஸ் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. “அன்னிக்கும் நான்தாம்ப்பா கேட்டேன்” என்றார். “இன்னிக்கும் கேக்கறேன். சொல்லு.”

வெளியே டவுன்ஷிப் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

“ஹவ், ஆமாண்ணே, வாயே திறக்கல பாரு” என்றான் தேவராஜ் பக்கத்தில் இருந்தவனிடம், ஹாலுக்கே கேட்கும்படி. “இனி யாருய்யா டச் குடும்பம்?”

கடைசி பெஞ்சிலிருந்து செல்லம்மாள், “எனக்குக் காது மந்தம். எனக்கே கேட்டுது அந்தச் சத்தம். அன்னிக்கும் கேட்டுது” என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஜேம்ஸ் ஆட்டத்தை வேதாவுக்குக் கொடுத்தார். பத்ரிநாராயணன் கோப்பை வழங்க நிற்காமல் பின்வாசலுக்குப் போனார்.

நீலா ராக்கெட்டை உறையில் போட்டுக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. “இதுக்காகத்தான் கத்துக்குடுத்தீங்களா சார்?”

“ஆமாம்” என்றார் ஜம்புநாதன்.

“அப்பாவை நேரா கேட்டிருக்கலாமே?”

“கேட்டேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடி.”

அவள் உறையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “நாளைக்குக் காலம்பற வா” என்றார். “அந்த ஷட்டிலை விட்டிருக்கப்படாது, அடிச்சிருக்கணும். அதைச் சரி பண்ணணும்.” அவள் தலையை ஆட்டவில்லை. ஆனால் மறுநாள் வந்தாள்.

ஆட்டம் நடந்த அன்று மாலையே பத்ரிநாராயணனும் ஜம்புநாதனும் கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்து காப்பி குடித்து ராசியாகிவிட்டார்கள் என்று காஞ்சன்பாக்கில் இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. பத்ரிநாராயணன் காப்பி சொன்னார், வந்தது. ஜம்புநாதன் அதைத் தொடவில்லை.