எல்லாத் தூரத்துக்கும் ஒரு லென்ஸ்

தணிகாசலத்தின் மனைவி செண்பகம் ஆனி மாதத்திலிருந்து தூரமாகிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளேயேதான்.

சண்டை கிண்டை எதுவும் இல்லை. ஹாலின் அந்தக் கோடியில், பால்கனிக் கதவோரம், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குவாள். நாற்காலி நகரவில்லை. ஹால்தான் நீண்டது. ஆவடிப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் இது சகஜம். கீழ்வீட்டு நாயுடு தன் மாமனாரைப் பார்க்கப் போகும்போது கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போவார். மாமனார் இருப்பது பூஜை அறையில்.

முதலில் காபி ஆறிப்போய் வந்தது. பிறகு குரல் தாமதமாக வந்தது. "குளிச்சாச்சா?" என்று அவள் கேட்டது வந்து சேர்வதற்குள் அவன் ஆபீஸ் போய்த் திரும்பியிருப்பான். இருந்தாலும் பதில் சொல்வான்.

"ஆச்சு."

மகள் மிருதுளாவுக்கு நேர்மாறான கோளாறு. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அப்பாவின் மூக்கை விட்டு ஒரு சாணுக்கு மேல் விலகமாட்டாள். அவளை முழுசாகப் பார்த்து நாளாகிவிட்டது. ஒரு கண், பாதிப் பொட்டு, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். ஆபீஸுக்கும் கூடவே வந்தாள். மேனேஜர் அவளுக்கும் ஒரு ஃபைல் கொடுத்திருந்தார்.

இதற்கு வைத்தியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒருவர் படத்தில் எவ்வளவு கிட்டத்தில் தெளிவாக விழுகிறாரோ, அவ்வளவு கிட்டத்தில் நின்றுவிடுவார். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு படம்தான் பலிக்கும். நாயுடு அவசரப்பட்டு அதை போனில் எடுத்துவிட்டார். மாமனார் கடுகளவு விழுந்தார். கடுகளவிலேயே நின்றுவிட்டார்.

தணிகாசலத்திடம் கேமரா இருந்தது. லென்ஸும் இரண்டு இருந்தன. ஒன்று கிட்டத்துக்கு, ஒன்று தூரத்துக்கு. ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டுவதற்குள் செண்பகம் இன்னும் கொஞ்சம் போய்விடுவாள்.

அன்று காலை அவன் கண்களைச் சுருக்கிப் பார்த்தான். நாற்காலியின் பின்னங்கால்கள் பால்கனிக்குள் இருந்தன. பால்கனிக்கு அப்பால் போனால் வீட்டில் சேர்த்தி இல்லை. அங்கிருந்து ரயில் பாதை ஆரம்பம்.

அவன் ஆபீஸுக்கு லீவு சொன்னான்.

மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஜபருல்லா பாய் கடை. லென்ஸ் மட்டும் விற்பார். கேமரா கேட்டால் கோபித்துக்கொள்வார்.

"சொல்லுங்க சார்."

"எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணு வேணும் பாய். கழட்டி மாட்டுற வேலை கூடாது."

"கிட்டத்துல எவ்ளோ?"

தணிகாசலம் தன் மூக்குக்கு முன்னால் இருந்த மிருதுளாவைக் காட்டினான். பாய் சாண் போட்டு அளந்தார். மிருதுளா கண் சிமிட்டவில்லை.

"தூரம்?"

"பால்கனி வரைக்கும்."

"எந்த ஊர் பால்கனி?"

"ஆவடி."

"அப்போ பதினெட்டு முந்நூறு எம்.எம். லென்ஸ் போதும். செங்கல்பட்டா இருந்தா யோசிச்சிருப்பேன்."

பாய் வெல்வெட் துணியை விரித்து, கறுப்பாக ஒன்றை நகை வைப்பதுபோல வைத்தார். கைக்கு அடக்கமாக இருந்தது. வளையத்தைத் திருகினார். அது நீண்டது. கல்லாவைத் தாண்டி, வாசலைத் தாண்டி, எதிர்க்கடை வரைக்கும் நீண்டது. சந்தில் போனவர்கள் குனிந்து போனார்கள். பழக்கப்பட்டவர்கள்.

"ஒண்ணு சொல்லிடறேன் சார். அப்புறம் பாய் சொல்லலன்னு வரக் கூடாது. எல்லாத்துக்கும் ஒண்ணுன்னா எதுலயும் முழுசா இருக்காது. இந்தக் கோடியில ஓரம் வளையும். அந்தக் கோடியில கொஞ்சம் மெத்துனு விழும். தனித்தனியா வாங்கினா கத்தி மாதிரி இருக்கும்."

"மெத்துனுன்னா?"

"அவங்களுக்குச் சிலது மறந்துபோவும். பெரிசா ஒண்ணுமில்ல. உங்க பேரு, அந்த மாதிரி."

தணிகாசலம் யோசித்தான். மிருதுளாவும் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது இமை அவன் கன்னத்தில் பட்டது.

"பரவால்ல. திரும்பச் சொல்லிக்கலாம்."

"கை ஆடுமா?"

"ஆடும்."

"நீட்டுங்க."

நீட்டினான். அலமாரியில் இருந்த லென்ஸ்கள் எல்லாம் கிணுகிணுத்தன. பாய் மரியாதையாக அந்தக் கையை இறக்கிவிட்டார்.

"எப்பலேருந்து?"

"ஆனியிலேருந்து."

"இதுல நடுக்கத்தைப் புடிக்கிற ஏற்பாடு உள்ளயே இருக்கு. தோ, பக்கத்துல இருக்கே சின்ன ஸ்விட்ச், அதான். போட்டுட்டா கையே தேவையில்ல."

"புடிச்ச நடுக்கத்தை என்ன பண்ணும்?"

"பக்கத்துல யாருக்காவது போவும். கேரண்டில நாங்க அதைச் சேக்கறதில்ல." பாய் லென்ஸைத் துடைத்தார். "வீட்ல எத்தினி பேரு?"

"மூணு."

துடைத்த கை நின்றது.

"மூணு பேரா நின்னு படம் எடுத்துடலியே?"

"இல்ல பாய். மூணு பேரா நின்னா ஒருத்தர் குறைஞ்சிடுவாங்கன்னு எங்க அத்தை விடமாட்டாங்க. நான்தான் எடுப்பேன். இவங்க ரெண்டு பேரும் நிப்பாங்க."

"ஃப்ரேம்ல அடங்கலன்னா?"

"நான் பின்னாடி போவேன்."

"கொழந்த பொறந்ததுலேருந்தா?"

"ஆமா."

"ம்," என்றார் பாய். உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "சபாபதி, வாய்யா."

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து நின்றார். படிய வாரிய தலை. சட்டைப் பையில் பேனா.

"மூணு பேர் வீட்டுக்கு வாங்கினா நாலாவது ஆள் ஃப்ரீ. பையும் துடைக்கிற துணியும் உண்டு. துணி தனியா வித்தா நல்ல விலை."

"நல்லா நிப்பீங்களா?" என்று கேட்டான் தணிகாசலம்.

"பதினோரு குடும்பத்துல நின்னிருக்கேன் சார்," என்றார் சபாபதி. "அதுல ஒரு வீட்டுல இன்னும் என்னை மாமான்னுதான் கூப்பிடுறாங்க."

அவர்கள் ஆவடி வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தணிகாசலம் கதவைத் திறந்து ஹாலைப் பார்த்தான். நாற்காலியின் முன்கால்களில் ஒன்று மட்டும்தான் வீட்டுக்குள் இருந்தது.

லென்ஸை மாட்டினான். கண்ணை வைத்தான். வளையத்தைத் திருகினான்.

செண்பகம் வந்தாள். சரசரவென்று வந்தாள். வெண்டைக்காய்த் தட்டு தெரிந்தது. வளையல் தெரிந்தது. முகம் தெரிந்தது. அவள் கண்ணாடி போட்டிருந்தாள். எப்போது போட ஆரம்பித்தாள் என்று அவனுக்குத் தெரியாது. காதோரம் நரை. இதுவும் செய்தி.

மிருதுளாவைக் காணவில்லை. மூக்குக்கு முன்னால்தான் இருந்தாள். ஃப்ரேமுக்குள் இல்லை.

வளையத்தை இந்தப் பக்கம் திருகினான். மிருதுளாவின் கண் வந்தது. செண்பகம் கடுகானாள்.

மறுபடி அந்தப் பக்கம். மறுபடி இந்தப் பக்கம்.

எல்லாத் தூரமும் அந்த லென்ஸில் இருந்தது. ஆனால் ஒரு நேரத்துக்கு ஒரு தூரம்தான். பாய் இதைச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. யாருமே கேட்பதில்லை.

"யாரை எடுக்கிறதா உத்தேசம் சார்?" என்றார் சபாபதி மெதுவாக. "இருட்டிட்டா எதுவும் விழாது."

தணிகாசலத்தின் கை ஆடியது. பக்கத்தில் இருந்த ஸ்விட்சைப் போட்டான்.

நடுக்கம் நின்றது. சபாபதியின் பேனா கீழே விழுந்தது. அவர் முழங்கால், தோள், படிய வாரிய தலை எல்லாம் ஆட ஆரம்பித்தன.

"பரவால்ல சார். இதுக்குத்தான வந்திருக்கேன்."

தணிகாசலம் வளையத்தைக் கடைசிவரை திருகி, செண்பகத்தைப் பிடித்தான். டைமர் வைத்தான். பிறகு கேமராவிலிருந்து கையை எடுத்தான்.

கேமரா விழவில்லை. காற்றில் அப்படியே நின்றது. லென்ஸ் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹால் நீளுவதை நிறுத்தியது.

அவன் முன்னால் நடந்தான். மிருதுளாவைத் தோளோடு பிடித்துக்கொண்டு நடந்தான். சாப்பாட்டு மேசை வந்தது. போன வருஷத்துக் கொலு பொம்மைப் பெட்டி வந்தது. அவனுடைய பழைய செருப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் வாசலைப் பார்த்துக் கிடந்தன. பின்னால் கேமராவின் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருங்க?"

"தணிகாசலம்."

"அப்படி ஒருத்தரு அந்தக் கோடியில நின்னு படம் எடுப்பாரு. அவரா?"

"அவன்தான்."

"இங்க எதுக்கு வந்தீங்க? மூணு பேரா ஆயிடும்."

"நாலாவது ஆள் வராரு."

சபாபதி வந்துகொண்டுதான் இருந்தார். ஆடி ஆடி, சுவரைப் பிடித்துப் பிடித்து. மேசை வரைக்கும் வந்திருந்தார்.

"அவரு வந்து சேர்றதுக்குள்ள படம் விழுந்துடும்," என்றாள் செண்பகம். கேமராவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "தெரிஞ்சுதான் நிக்கிறீங்களா?"

"தெரிஞ்சுதான்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். மிருதுளா அவன் மூக்கை விட்டு விலகி, இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். அவளுக்கு இரண்டு கண்களும் இருந்தன. முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

சபாபதி கையை முன்னால் வீசினார். அந்தக் கைதான் முதலில் ஃப்ரேமுக்குள் வந்தது.

படம் விழுந்தது.

ஜபருல்லா பாய் போனில் விசாரித்தார். "எத்தினி பேரு வந்திருக்காங்க?"

"மூணு பேரு முழுசா. நாலாவது ஆளு கலங்கலா."

"கலங்கலும் கணக்குதான். யாரும் குறைய மாட்டாங்க. வெச்சிடட்டுமா?"

அவர்கள் பால்கனியிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு கால் வீட்டுக்குள், மற்றதெல்லாம் வெளியே. ரயில் போகும்போது மிருதுளா கையாட்டுவாள். அடுப்பை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கேமரா ஹாலின் அந்தக் கோடியில் காற்றில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சபாபதி கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு, துடைக்கிற துணியோடு கிளம்பிப்போய்த் தூசி தட்டிவிட்டு வருவார். இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார். மிருதுளா அவரை மாமா என்று கூப்பிடுகிறாள்.

காலையில் செண்பகம் காபி கொண்டுவந்து நீட்டுவாள்.

"உங்க பேரு என்னன்னு சொன்னீங்க?"

"தணிகாசலம்."

அவன் சொன்ன உடனே அவளுக்குக் கேட்டுவிடுகிறது. காபி சூடாக இருக்கிறது.