காலருக்குள் ஒரு சில்லு

இனி இவ்வுலகில் எதுவுமே தொலையப்போவதில்லை என்று மேலாளர் மேடையேறி அறிவித்தார். இறங்கி வந்தபோது அவருடைய குடையைக் காணவில்லை.

குடைக்குச் சில்லு வைக்கவில்லையாம். மற்றபடி அந்தக் கிடங்கில் பெட்டி, தள்ளுவண்டி, அடையாள அட்டை, சீருடைச் சட்டையின் காலர் எல்லாவற்றிலும் நகத்தளவில் ஒரு மின்னணுச் சில்லு ஒளிந்திருந்தது. தொடாமலே ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லிவிடும். அட்டையில் இருந்தது ஒருபடி மேல். யார் எங்கே எத்தனை நிமிடம் நின்றார் என்று போட்டுக்கொடுத்துவிடும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் கழிப்பறையில் இருபத்திரண்டு நிமிடம் இருந்ததைச் சொன்னதும் அதுதான். விளக்கம் கேட்டார்கள். நெஞ்சை அடைக்கிறது என்று சொன்னால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, வயிறு சரியில்லை என்று எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாள் வீட்டில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

துக்கம் ஒருபுறம் இருக்க, அவர் கணக்கில் ஒரு சட்டை திரும்பவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த மேலாளர், ஸ்டோர்கீப்பரைக் கூப்பிட்டார். "போய் வாங்கிட்டு வாய்யா. பக்கத்துல போனா மெஷினே கத்தும்."

ஓட்டுநரின் வீட்டு வாசலில் நின்று, சட்டை எண்ணைப் பதிந்து, ஸ்டோர்கீப்பர் சில்லு தேடும் கைக்கருவியை முடுக்கினார். வாயைத் திறக்கும் முன்பே அது வீடதிரக் கத்தியது. ஓட்டுநரின் மனைவி உள்ளே போய்த் தலையணைக்கு அடியிலிருந்து சட்டையை எடுத்து வந்தாள்.

"துவைக்கலண்ணே. கடைசியா போட்டுட்டு வந்தது. மத்த எல்லாத்தையும் துவைச்சுத் தொலைச்சிட்டேன். அவரு வாசம் இது ஒண்ணுலதான் இருக்கு."

சரிபார்ப்போமே என்று ஸ்டோர்கீப்பர் அதன் காலரில் கருவியை வைத்தார். திரையில் அவருடைய சொந்தப் பெயரே வந்தது. மெல்லத் தன் காலரில் வைத்தார். ஓட்டுநரின் பெயர்.

இருவருக்கும் ஒரே அளவு, உடை மாற்றும் அறையில் ஒரே ஆணி. கடைசி நாள் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர், கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவர் விட்டுப்போனதை ஸ்டோர்கீப்பரின் வீட்டில் இதுவரை ஏழெட்டு முறை சோப்புப் போட்டு அலசியாயிற்று.

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"காணோம்னு எழுதிக்கிறேன்மா. நீயே வச்சுக்க," என்று கருவியை அணைத்தார்.

சட்டை மாறிய அந்த நாள் முழுக்க ஸ்டோர்கீப்பர் அதைப் போட்டுக்கொண்டுதான் மூட்டை இறக்கியிருந்தார். காலையில் குளித்திருக்கவும் இல்லை.