வலப்பக்கத்துப் பெடல்

எங்கள் ஊர் விமானத் திடலில் ஒன்பது விமானங்கள் நிற்கின்றன. அவற்றில் எட்டு, வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் கொட்டகைக்குள்ளேயே தூசி வாங்கிக்கொண்டிருக்கும். நெப்ராஸ்காவில் விதைப்பு இருக்கிறது, அறுவடை இருக்கிறது, பனி இருக்கிறது, பேரப்பிள்ளைகளின் கூடைப்பந்து ஆட்டம் இருக்கிறது. பறக்க நல்ல நாள் வாய்க்கும்போது ஆளுக்கு நேரம் வாய்க்காது. ஒன்பதாவது மட்டும் வாரம் தவறாமல் வெளியே வரும். அதில் பாதி வெண்டல் குரோகருடையது, பாதி டார்லீன் பெட்ஸ்காவுடையது. வெளியே கொண்டுவருகிறவர் எப்போதும் வெண்டல்தான்.

நான் லைல். அந்தத் திடலில் பறக்கக் கற்றுக்கொடுக்கிறவன்.

வெண்டலுக்கு எழுபத்தொன்பது வயது. இளமையில் சோளக்கொல்லைகளுக்கு மேலே தாழப் பறந்து மருந்து தெளித்தவர். வயதான பிறகும் வாரம் ஒருநாள் காலையில் வந்து ஐந்து தடவை ஏறி இறங்கிவிட்டு, ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போவார். டார்லீனுக்கு ஐம்பத்து நான்கு. ஊர் மருந்துக்கடை அவளுடையது. வாரத்தில் ஆறு நாள் அங்கேயே நிற்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய விஷயம்.

"ஏம்மா டார்லீன், ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி மாத்திரை எண்ணுற ஆளுகிட்ட நீ மருந்து வாங்குவியா?" என்று வெண்டல் சீண்டுவார்.

"நான் என்ன உங்கள மாதிரி வேலவெட்டி இல்லாத ஆளா?" என்பாள் அவள்.

அந்த விமானம் பழைய காலத்தது. இரண்டே இருக்கை, பக்கத்தில் பக்கத்தில். மூக்குக்குக் கீழே சக்கரம் கிடையாது, வாலுக்குக் கீழேதான். இந்த வகை விமானம் மேலே இருக்கும்போது சாது. தரையைத் தொட்டதும் கால்தான் எல்லாம். பெடலை மிதித்தால் வாலில் இருக்கும் சுக்கான் அந்தப் பக்கம் திரும்பும்; ஒரு பெடல் உள்ளே போனால் மற்றது வெளியே வரும். பக்கக் காற்றில் அரை நொடி தாமதமாக மிதித்தாலும் வால் முன்னால் வந்துவிடும். இரண்டு இருக்கைக்கும் தனித்தனிப் பெடல்கள் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றாகப் பிணைந்தவை. ஒருவர் மிதித்தால் மற்றவர் காலடியிலும் அசையும்.

அக்டோபரில், சோளம் ஏற்றிய லாரியோடு தானியக் கிடங்கு வரிசையில் நின்றபோது வெண்டலுக்கு மாரடைப்பு வந்தது. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனபோது உயிர் போயிருந்தது. அவர் மனைவி வெர்னா, விமானத்தில் அவருடைய பாதியையும் டார்லீனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாள்.

குளிர்காலம் முழுக்க அது வெளியே வரவில்லை. ஏப்ரலில் டார்லீன் வந்தாள். கடைசியாகப் பறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"நான் பக்கத்துல உக்கார்றேனே. ஒரு மணி நேரம்தான்," என்றேன்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி நீ வைக்கிற சோதனை எனக்கு அடுத்த வருஷம்தான். அப்ப வந்து உக்காரு. இப்ப எனக்கு மூணு இறக்கம் போதும்."

சட்டம் அவள் பக்கம்தான். தொண்ணூறு நாளுக்குள் மூன்று தடவை ஏறி இறங்கியிருந்தால் பக்கத்தில் ஆளைக்கூட ஏற்றிக்கொள்ளலாம். தனியாகப் பறக்க அதுவும் தேவையில்லை. கால்கள் மறந்துவிட்டனவா என்று சட்டம் கேட்பதில்லை.

மேற்கிலிருந்து, ஓடுதளத்துக்குக் குறுக்கே நல்ல காற்று. நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். டார்லீன் இறக்கினால் எப்போதும் இரண்டு துள்ளல் இருக்கும். அன்று துள்ளவில்லை. இடது இறக்கை காற்றின் பக்கம் தாழ்ந்து வந்தது. இடது சக்கரம் மட்டும் தொட்டது. பிறகு வலது. வால் வெகுநேரம் உயரத்திலேயே நின்று, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல் கீழே வந்தது. மூன்று தடவையும் அப்படியே. மூன்று தடவையும் ஒரே இடத்தில்.

அந்த இறக்கத்தை நான் இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அது டார்லீனுடையது இல்லை.

அவள் இறங்கி வந்து, எண்ணெய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"வெண்டல் எறக்கின மாதிரியே இருந்துச்சு," என்றேன் பாராட்டாக.

அவள் முகம் வெளுத்தது. "அப்படிச் சொல்லாத, லைல்." காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு ஜூலையில், தொண்ணூறு நாள் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வந்தாள். மறுபடி மூன்று இறக்கம். மறுபடி அதே சுத்தம். அன்றைக்குத்தான் சொன்னாள்.

"நான் மிதிக்கிறதில்ல. நான் மிதிக்கிறதுக்கு முன்னாடியே பெடல் போகுது. என் பாதம் சும்மா அதுமேல உக்காந்து சவாரி போகுது."

"காத்து சுக்கானத் தள்ளும். அது கால்ல தெரியத்தான் செய்யும்."

"எனக்கு அது தெரியாதா? காத்து தள்ளினா காத்து தள்ற பக்கமாத்தானே போகணும்? இது காத்துக்கு எதிரால்ல போகுது."

கம்பத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பையை நிமிர்ந்து பார்த்தேன்.

"பயமா இல்லையா உனக்கு?"

"மொத தடவ இருந்துச்சு." கொஞ்சம் யோசித்தாள். "இப்ப, சொன்னா சிரிப்ப, நிம்மதியா இருக்கு. அவரு பாத்துக்குவாருன்னு."

நான் சிரிக்கவில்லை. அவள் போன பிறகு விமானத்துக்குள் மல்லாந்து படுத்து, அரைநாள் முழுக்கக் கம்பி, கப்பி, ஸ்பிரிங் எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிறகு வலது இருக்கைக்கு முன்னால் தரையில் விளக்கை அடித்தேன். ஒன்பது மாதமாக யாரும் உட்காராத இடம். தரைவிரிப்பில் தூசி கலையாமல் படிந்திருந்தது. பெடல்களின் முகம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதை நான் டார்லீனிடம் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை வா, நான் கூட வருகிறேன் என்று மட்டும் போனில் சொன்னேன்.

"எதுக்கு? இறக்கம் சுத்தமா இருக்கு. தேதியும் சரியா இருக்கு," என்றாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு பிற்பகல் வெர்னா வந்தாள், டார்லீனோடு. நாற்பத்தேழு வருஷம் வெண்டலோடு குடும்பம் நடத்தியவள், ஒருநாளும் அந்த விமானத்தில் கால் வைத்ததில்லை. தரைதான் தனக்குப் பிடிக்கும் என்பாள்.

"அங்க போயி அப்படி என்னதான் பாத்தாருன்னு ஒருவாட்டி பாத்துடணும் லைல். அப்புறம் நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன்," என்றாள்.

ஜூலை இறக்கம் முடிந்து எண்பத்தோரு நாள். சட்டப்படி தவறில்லை. காற்றுப்பை மேற்கிலிருந்து நீண்டு நின்றது.

"காத்து இருக்கு, டார்லீன்," என்றேன்.

"ஜூலைல இதவிட இருந்துச்சு."

தடுத்திருக்கலாம். சாவியைப் பிடுங்கியிருக்கலாம். நான் வெர்னாவின் பெல்ட்டை இறுக்கி, "கால இருக்கைக்கு அடியில இழுத்து வச்சுக்குங்க. பெடல்ல படவே கூடாது," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அந்தத் தேய்ந்த பெடல்கள் இருக்கும் வலது இருக்கையில் இப்போது ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது, அவர்கள் மேலே ஏறிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

நாற்பது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தார்கள். இடது இறக்கை தாழவில்லை. இரண்டு சக்கரமும் சேர்ந்து தொட்டன, துள்ளின, மறுபடி தொட்டன. மூக்கு மெல்ல இடப்பக்கம் திரும்பியது. வலது பெடல், டார்லீன், வலது பெடல் என்று நான் கத்தினேன். மூக்கு திரும்பிக்கொண்டே போனது. பிறகு வால் சுழன்று முன்னால் வந்தது. வலது இறக்கை தரையில் அடித்து மடங்கியது. தூசி எழுந்து எல்லாவற்றையும் மறைத்தது.

நான் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு விரைந்தேன். தீப்பிடிக்கவில்லை. வெர்னா பெல்ட்டில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தாள், தோளைப் பிடித்தபடி. டார்லீனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு கையும் கைப்பிடியிலேயே இருந்தன.

"மிதிச்சிருக்கலாம்ல, வலது கால?" என்றேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது!

"நான் மிதிக்கவே இல்ல, லைல்," என்றாள். "நான் காத்துக்கிட்டிருந்தேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் வெர்னாவைப் பார்க்கப் போனேன். காறை எலும்பு உடைந்திருந்தது. டார்லீன் ஜன்னலோரமாக நின்றிருந்தாள். எங்களிடம் ஏதோ சொல்ல வேண்டும், கதவைச் சாத்து என்றாள் வெர்னா.

"நீ சொன்ன மாதிரி கால உள்ள இழுத்துத்தான் வச்சிருந்தேன். தரை கிட்ட வந்ததும் ரெண்டு காலும் தானா முன்னாடி போச்சு. யாரோ என் காலுக்குள்ள கால விட்ட மாதிரி. செருப்புப் போட்டுக்குவோம்ல, அது மாதிரி என்னப் போட்டுக்கிட்டாங்க."

டார்லீன் திரும்பிப் பார்க்கவில்லை.

"வலது கால் அந்தப் பெடல அழுத்தப் பாத்துச்சு. எனக்குப் பயம் வந்துடுச்சு. இடது காலால எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுத்து நிறுத்திட்டேன். உசிரக் கொடுத்து நிறுத்தினேன். ஏன் லைல், அத விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

சரியாக இறங்கியிருக்கும். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"அப்ப அவருதான்," என்றாள். அழவில்லை. கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தாள். "செத்தும் அடுத்தவங்க வேலைய இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்யுற புத்தி போகல. இங்க பாரு டார்லீன் கண்ணு, இதுல உன் தப்பும் இருக்கு. அந்த மனுஷன் செஞ்சு குடுத்தா எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்துடுவாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். அவரு போனதுக்கப்புறம்தான் காருக்குப் பெட்ரோல் போடவே கத்துக்கிட்டேன்."

குளிர்காலம் முழுக்க விமானத்தைப் பழுது பார்த்தோம். ஏப்ரல் வந்ததும் டார்லீன் மருந்துக்கடைக்கு உதவிக்கு ஓர் ஆளைப் போட்டுவிட்டு, வாரம் இரண்டு நாள் திடலுக்கு வந்தாள். வலது இருக்கையில் நான்.

முதல் நாள், தரைக்கு மூன்று ஆள் உயரத்தில் இருக்கும்போது அது வந்தது. என் வலது காலின்மேல் ஒரு கனம். இன்னொரு பூட்ஸ் என் பூட்ஸுக்குள் நுழைந்து, அவசரமே இல்லாமல், நிதானமாக அழுத்தியது. மரக்கட்டைபோல் விறைத்துக் குளிர்ந்த கால். முழங்கால் இரண்டையும் கட்டிப்பிடித்து மார்போடு இழுத்துக்கொண்டேன். வலப்பக்கத்துப் பெடல் யாரும் தொடாமல் உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தேன்.

"வந்துடுச்சு," என்றாள் டார்லீன் மெதுவாக.

"நீ மிதி! அதுக்கு முன்னாடி நீ மிதி!"

மிதித்தாள். அளவுக்கு மீறி மிதித்தாள். ஓடுதளத்தைவிட்டுப் புல்லுக்குள் ஓடி நின்றோம்.

அப்படிப் பதினாறு வாரம். நான் ஒவ்வொரு தடவையும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முந்த முந்த, பெடல் பிந்தியது. மே மாதத்தில் இருவர் ஒரே நேரத்தில் மிதிப்பதுபோல் இருக்கிறது என்றாள். ஜூனில் அது லேசாகத் தொட்டுவிட்டு விலகியது, சரிபார்ப்பதுபோல. ஜூலை கடைசியில் ஒருநாள் இறங்கி நின்றதும், "இன்னைக்கு வரல," என்றாள். அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் நான் இறங்கிக்கொண்டு அவளைத் தனியாக அனுப்பினேன்.

வெர்னா அதைப் பார்க்க வந்திருந்தாள், ஒரு சட்டி பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் எடுத்துக்கொண்டு. முதல் இறக்கத்தில் விமானம் மூன்று தடவை துள்ளியது. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதும் சுமார்தான்.

"அவரு பாத்திருந்தா தலையில அடிச்சிக்கிட்டிருப்பாரு," என்று சிரித்தாள் வெர்னா. பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கதான் போயிருப்பாரு? சும்மா இருக்கிற ஆளில்லையே," என்றாள்.

டார்லீன் இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை பறக்கிறாள். துள்ளல் குறைந்துவிட்டது. பக்கத்தில் இன்னும் யாரையும் ஏற்றுவதில்லை.

என்னிடமும் ஒரு விமானம் உண்டு, அதே வால்சக்கர வகை. என் கையாலேயே செய்தது. அந்த வருஷம் முழுக்க டார்லீனோடும் மற்றவர்களோடும் உட்கார்ந்ததில் அதை நான் மறந்தே போயிருந்தேன். கற்றுக்கொடுக்கிறவன் பறப்பதில்லை, பறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். டிசம்பரில் வெயில் அடித்த ஒரு மதியம் அதை வெளியே தள்ளிக்கொண்டு மேலே போனேன். அரை மணி நேரம் ஆற்றோரமாகச் சுற்றிவிட்டு இறங்க வந்தேன். காற்று மேற்கிலிருந்து வீசியது. என் கால் தயங்கியது. அரை நொடிதான். அதற்குள் வலது பெடல் நிதானமாக உள்ளே போனது. இடது சக்கரம் முதலில் தொட்டது, பிறகு வலது. வால் வெகுநேரம் உயரத்தில் நின்று, மெல்லக் கீழே வந்தது. என் வாழ்நாளில் அத்தனை சுத்தமாக நான் இறக்கியதில்லை.

என் விமானத்தில் இருப்பது ஒரே ஓர் இருக்கை. ஒரே ஒரு ஜோடிப் பெடல்.

எஞ்சினை அணைத்துவிட்டு வெகுநேரம் கீழே குனிந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை பனி தூறியது, காற்றும் சரியில்லை. இருந்தாலும், அதற்கு முன்னால் நான் மிதித்தாக வேண்டும் என்று, கொட்டகைக் கதவைத் திறந்து விமானத்தை வெளியே தள்ளினேன்.