ஈரம் கேட்ட கிண்ணங்கள்

கீழ்வானில் செம்மை படர்ந்துகொண்டிருந்தது. வடகடலின் அலைகள் கரும்பாறைகளைத் தழுவி நுரை சிந்தி மீண்டன. மலைச்சரிவிலே முற்றிய நெற்கதிர்கள் காற்றுக்கு இசைந்து சாய்ந்தாடின. நோட்டோ நாட்டு வாஜிமாத் துறையோ, கதிரவன் முகங்காட்டும் முன்னரே மீன்கூடை சுமந்த மகளிரின் குரலால் கலகலத்தது. கண்டார் உள்ளம் குளிரும் அவ்வினிய விடியலை வாசலில் நின்று வாயார வைதுகொண்டிருந்தார் ஒருவர். அரக்குக் கைவினைஞர் சோபெய்தான் அவர்.

அவர் சினத்தைப் பழிக்கவேண்டா, அன்பரே. அரக்குமரத்தின் பாலை வடித்து, மரக்கிண்ணத்தின்மேல் பூசியும், இறுகவிட்டும், தேய்த்தும், மீண்டும் பூசியும் மெருகேற்றுவது அவர் தொழில். அப்பாலுக்கோ ஒரு முரண்டு உண்டு: காய்ந்த காற்றில் இறுகாது, ஈரக்காற்றில்தான் இறுகும். மகள் ஒகினுவின் மணவிருந்துக்கென அவர் பூசிய செவ்வரக்குக் கிண்ணங்கள், மழை மறந்த அவ்விலையுதிர் பருவத்தில், தொட்டால் விரலில் ஒட்டும் நிலையிலேயே கிடந்தன. தம் கிண்ணங்களில் விருந்திடாமல் மகளை அனுப்புவதில்லை என்று ஊரறியச் சொல்லியும்விட்டார். மணநாள் தள்ளிப்போனாலோ, மணமகன் யாசுகே குளிர்காலத்து மது வடிக்கும் வேலைக்குத் தொலைவூர் போய்விடுவான். இளவேனில் வரை திருமணம் இல்லை. ஒகினுவின் கண்கள் அழுது சிவந்திருந்தன.

அவ்வேளை பார்த்துப் பாடிக்கொண்டே வந்தார் யாசுகேயின் தந்தை ஜின்பாச்சி. கடல்நீரை மணற்பரப்பில் வீசி, வெயிலை நம்பி உப்பு விளைவிப்பவர் அவர்.

“என்ன சம்பந்தி, வானம் பளிச்சுன்னு இருக்கே! இன்னிக்கும் வெயில் பிச்சு உதறப் போகுது!”

“வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. நீங்க சாமிகிட்ட வெயில் வெயில்னு கேட்டுத்தான் என் கிண்ணமெல்லாம் பிசுபிசுன்னு கெடக்கு.”

“நான் கேட்டா உடனே குடுக்கறாரு, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? கிண்ணம் வெச்சிருக்கிற உள்ளறைச் சுவத்துல தண்ணி அடிக்கலாம்ல?”

“அடிச்சேனே! ஒரு பக்கம் வெள்ளம், ஒரு பக்கம் வறட்சி. எல்லாப் பக்கமும் ஒரே சீரா நனையணும், சம்பந்தி. அது யாரால முடியும்?”

ஜின்பாச்சி சிரிப்பை நிறுத்தினார். கதவோரம் நின்ற ஒகினுவின் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

“கிண்ணத்தையெல்லாம் வெளிய எடுங்க. வாளியில நல்ல தண்ணி கொண்டாம்மா.”

இடுப்பை வளைத்து, வாளியைச் சுழற்றி அவர் வீசிய நீர், விசிறிபோல் விரிந்து, பனித்தூவலாய்ச் சிதறி, உள்ளறையின் மரச்சுவர் நான்கிலும் ஒருசேரப் படிந்தது. மணலில் வாழ்நாளெல்லாம் பழகிய கை அது. சோபெய் வாய்பிளந்து நின்றார். அன்றுதொட்டு, உப்புக்கேற்ற வெயிலைக் களத்தில் காக்கவைத்துவிட்டு, விடியல்தோறும் வந்து வீசிச் சென்றார் ஜின்பாச்சி. ஈர அறைக்குள் திரும்பிய கிண்ணங்களும் முரண்டு தணிந்து, கல்போல் இறுகி, பார்ப்பவர் முகம் காட்டின.

மணநாளும் வந்தது, அதுவரை வராத மழையும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நனைந்த விருந்தினர் நடுவே சோபெய் தலைகுனிந்தார்.

“உங்க உப்புக்களம் எல்லாம் போச்சே, சம்பந்தி. நாளைக்காச்சும் வெயில் அடிக்கணும்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டேன்.”

“அட, சும்மா இருங்க. நீங்களே வெயில் கேட்டா அப்புறம் நான் எதைக் கேக்கறது?”

பந்தியே சிரித்தது. ஒகினுவும் செங்கிண்ணத்தை உயர்த்தி முகம் மறைத்துச் சிரித்தாள். மழை பெய்தால் பிறந்த வீடு செழிக்கும். வெயில் காய்ந்தால் புகுந்த வீடு செழிக்கும். அன்றுமுதல் அந்நாட்டு வானம் எதைத் தந்தாலும் அவளுக்கு அது நல்ல நாளே ஆயிற்று.