ஒப்பாரிக்கு ஓர் ஆள்

தோட்டப் பள்ளிக்கூட அலோசியஸ் மாஸ்டருக்கு மானியம் கிடைத்த செய்தி வட்டவளை ஸ்டேஷனுக்குத் தெரியும், அட்டன் சந்தைக்கும் தெரியும். அவர் சொல்லாமல் விட்டது மாதா சுரூபத்துக்கு மட்டும்தான். கொழும்பில் ஏதோ ஓர் அறக்கட்டளை, ‘மண்ணின் மக்கள் இலக்கியம்’ வளர்க்கச் சின்னச் சின்ன மானியங்களை இறைத்துக்கொண்டிருந்தது. எழுபதுகள் முடியப்போகிற நேரத்திலும் இந்த நாட்டு ஆட்களா இல்லையா என்று அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்த தேயிலைத் தோட்டத்துச் சனத்தை, அறக்கட்டளை ஒரே கூட்டத்தில் மண்ணின் மக்களாக்கிவிட்டது.

நிபந்தனை ஒன்றுதான். ஊர் கூடியிருக்க ஒப்பாரி பாடவேண்டும். பல்கலைக்கழகக் கலாநிதி ஒருவர் வந்து கேட்டுத் திருப்திப்பட்டால் அடுத்த வருஷமும் மானியம். இல்லாவிட்டால் மாஸ்டர் பழையபடி வெறும் மாஸ்டர். அவரோ அதற்குள் ‘ஆய்வு மையப் பணிப்பாளர்’ என்று கடிதத் தாளே அடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கலாநிதி டேப் ரெக்கார்டரோடு வந்தார். பள்ளிக்கூடம் நிறையச் சனம். பாட்டுக்காரி காளியாயி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“பொணம் எங்கிட்டு மாஸ்டர்?”

“இது இலக்கியக் கூட்டம் காளியாயி. சும்மா பாடு.”

“சும்மா ஒப்பாரி வச்சா லயத்து வீட்டுல ஒரு ஆளு போயிருமுங்க. யாரு போகட்டும்? ஒங்க சம்சாரமா?”

பின் வரிசையில் இருந்த மாஸ்டர் மனைவி சிசிலி சிலுவை போட்டுக்கொண்டாள். கலாநிதி கொட்டாவி விட்டார். மாஸ்டர் முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தினார்.

“நான் வேதக்காரன், எனக்கென்ன பயம்? என்னையே கிடத்திப் பாடு!”

“படுத்தா முடியிற வரைக்கும் எந்திரிக்கப்படாது. பாதியில எந்திரிச்சா நெசமாவே ஆயிரும், ஆமா.”

வாங்குப் பலகையில் கிடத்தினார்கள். முறைப்படி கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தாடையையும் துணியால் கட்டினார்கள். காளியாயி கூந்தலை அவிழ்த்து மாரில் அடித்துக்கொண்டாள்.

“மணியடிச்சு ஓஞ்ச பின்னே – என் ராசாவே
மலையேறி வந்தவரே!
போஞ்சிக்குப் பாத்தி கட்ட – என் ராசாவே
புள்ளைகளப் பழக்கினீரே!”

தங்கள் பிள்ளைகள் மாஸ்டர் வீட்டு பீன்ஸ் பாத்தியில் கொத்துவது தெரிந்த சனம் முந்தானையால் வாயைப் பொத்திக் குலுங்கியது. மாஸ்டர் கட்டுக்குள்ளிருந்து உறுமினார்.

“பேசாம கிடங்க! பொணம் பேசுமா?” என்று அதட்டிவிட்டு, காளியாயி அவர் காசு கொடுக்காமல் வாங்கித் தின்ற சேவலுக்குப் போனாள். அது முடிந்து சீட்டாட்டத்துக்கு வந்தபோது சிசிலி எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கே இது புதுச் செய்தி.

கடைசியில் கட்டை அவிழ்த்தார்கள். மாஸ்டர் கத்துவதற்கு வாயைத் திறந்தார். கலாநிதி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“அற்புதம்! அடுத்த வருஷ மானியம் உறுதி. றொசல்ல, கொத்மலை, எல்லா இடமும் கொண்டுபோவோம். ஒன்று மட்டும், பிணத்தை மாற்றிவிடாதீர்கள்.”

“நம்மகிட்டப் பாட்டு இன்னும் கெடக்குதுங்க,” என்றாள் காளியாயி.

மாஸ்டர் சிசிலியைப் பார்த்தார். அவள் பார்த்த பார்வைக்கு, செத்தே கிடந்திருக்கலாம். கலாநிதியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“போற இடத்தில் தலைக்கு ஒரு தலகாணி மட்டும் வச்சுத் தரணும், சேர்.”