காலி உருளையில் ஐந்து மணிகள்

மூன்று வருட உழைப்பு. ஸ்கேன் மெஷின் முன்னூறு கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கும். அந்த நிழல்களை வைத்துக் கம்ப்யூட்டர் உடம்பின் உட்புறப் படத்தைக் கணக்குப்போட்டு உருவாக்கும். நாற்பது கோணமே போதும் என்று காட்டத்தான் நான் புரோகிராம் எழுதினேன். நோயாளிக்குக் கதிர்வீச்சு குறையும். அன்று காலை ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்க்க வந்திருந்தார். அவர் தலையசைத்தால் அடுத்த வாரமே நோயாளிகளுக்குப் பயன்படுத்துவார்கள்.

சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் உருளை. உள்ளே, கட்டிகளுக்குப் பதிலாக, ஐந்து கண்ணாடி மணிகள். அதை மெஷினில் வைத்துப் படம் எடுக்கும் பையனைத் திருப்புளி என்போம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும்.

படம் வந்தது. கொஞ்சம் மங்கல், ஆனால் ஐந்து மணிகளும் தெரிந்தன.

"நாப்பதுலயே இவ்வளவா!" என்றார் டாக்டரம்மா. எங்கள் ஆய்வகத்து டைரக்டர் வாயெல்லாம் பல்லாக அவரைத் தன் அறைக்கு அழைத்துப் போனார்.

திருப்புளி நகரவில்லை. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். ஐந்து மணிகள்.

"அக்கா... காலையில கழுவினேன். திரும்பப் போட மறந்துட்டேன்."

"விளையாடாதடா."

"சத்தியமா. உருளை காலி. காலி டப்பாவுலயே கண்டுபிடிக்குதுன்னா, என் மண்டையையும் ஒரு தடவ வெச்சுப் பாருங்க. மூளை இருக்குன்னு காட்டினாலும் காட்டும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் நேரத்தை மிச்சம் பிடிக்க, வெற்றுப் படத்துக்குப் பதில் முந்தைய ஸ்கேனில் வந்த படத்திலிருந்தே கணக்கைத் தொடங்கும்படி மாற்றியிருந்தேன். புது நிழல்களோடு ஒப்பிட்டுப் படத்தைத் திருத்தும் சுற்றுகளையும் குறைத்திருந்தேன். பழைய மணிகள் அழியவே இல்லை. ஆஸ்பத்திரியில் இதே நடந்தால், முன்னால் வந்தவரின் கட்டி அடுத்தவர் படத்தில் நிற்கும்.

"அக்கா, யாருக்கும் தெரியாது."

"உனக்கும் எனக்கும் தெரியுமே."

மணிகளை டைரக்டரின் மேஜையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போனது.

"இத சாயங்காலமா சொல்லக் கூடாதாம்மா?"

டாக்டரம்மா ஒரு மணியை விரலால் உருட்டினார். "சரி பண்ண எத்தன நாளாகும்?"

"தெரியலைங்க."

"தெரிஞ்சதும் கூப்பிடுங்க." கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்து, அதே காலி உருளையின் நிழல்களை வைத்து, கணக்கை வெற்றுப் படத்திலிருந்து தொடங்கினேன். ஒன்றரை மணி நேரம் ஓடியது. முதுகு வலித்தது.

"ஒண்ணுமே இல்லக்கா," என்றான் திரையைப் பார்த்து.

"ம். இப்ப மணியைப் போடு. எண்ணிப் போடு."