அரைவட்டம் வெட்டிய மேசை

இன்ஷாப்புக்கு மேசை என்றால் நாலு காலும் ஒரு பலகையும்தான். எட்டு மூலை வைத்து, மேலே பச்சைத் துணி ஒட்டி, விளிம்பைச் சுற்றி மெத்தை அடித்து, காலை மடக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளக்கூடிய மாதிரி ஒரு மேசை வேண்டும் என்று வின்சன்ட் வந்து சொன்னபோது, சீவுளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"யாருக்கு? நேர்சரிப் பிள்ளைகளுக்கா?"

"இல்ல நானா. போக்கர் விளையாட. வீடுகளுக்கு."

வின்சன்ட் சிலாபத்துக்காரர்; இன்ஷாப்பை அண்ணன் முறையில் 'நானா' என்பார். சொகுசுக் கப்பல் ஒன்றில் சூதாட்ட மண்டபத்தில் காட்ஸ் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, கடலும் வேண்டாம் கப்பலும் வேண்டாம் என்று ஊரோடு வந்து சேர்ந்தவர். வெளிநாட்டிலிருந்து வரும் மேசையை இங்கே பெரும் பணக்காரர்தான் வாங்கலாம், கடைக்காரரும் மீன்பிடி போட்காரரும் வாங்கக்கூடிய விலைக்கு ஒன்று செய்தால் நன்றாக ஓடும் என்பது அவருடைய கணக்கு. விற்கிறதும் வேனில் கொண்டுபோய்க் கொடுக்கிறதும் அவர் பொறுப்பு. செய்கிறது மட்டும் இன்ஷாப்.

இன்ஷாப் மறுக்கவில்லை. மறுக்கிற நிலையில் அவர் இருக்கவுமில்லை. முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கிய பிள்ளை, மதுரங்குளியில் தச்சுவேலை பழகி, கதவும் யன்னலும் செய்தே வீடு கட்டி, கல்யாணமும் முடித்திருந்தார். இப்போது எல்லோரும் அலுமினியக் கதவு போடுகிறார்கள். அலுமாரியைக் கடையில் பெட்டியோடு வாங்கி வந்து தாங்களே பொருத்திப் பூட்டிக்கொள்கிறார்கள். கொட்டகையில் வாள் சத்தம் கேட்டு வாரக்கணக்காகியிருந்தது.

பிளைவூட் பலகையை எட்டு மூலையாக வெட்டுவதில் பெரிய வேலை இல்லை. விளிம்புதான் சீவனை வாங்கியது. ஸ்பொஞ்சை வைத்து, அதன்மேல் ரெக்சினை இழுத்து, சுருக்கம் விழாமல் அடியில் ஸ்டேப்ளர் ஊசி அடிக்க வேண்டும். ஒருவர் இழுக்க ஒருவர் அடித்தால்தான் சரிவரும். இழுக்கிற வேலை மனைவி றைஸாவின் தலையில் விழுந்தது. அவள் ஒருநாள் விளிம்பில் வெட்டியிருந்த வட்டக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இந்த ஓட்டை என்னத்துக்கு?"

"தேத்தண்ணிக் கிளாஸ் வெக்க."

"தேத்தண்ணி மட்டும்தான் வெப்பாங்களோ?"

இன்ஷாப் இரண்டு ஊசி அடித்தார். பிறகு சொன்னார்:

"நான் செஞ்ச கதவுக்குப் பொறகால ஆர் என்ன செய்றாங்கண்டு இவ்வளவு காலமும் யாரும் கேட்டாங்களா?"

"நானும் கேக்கல்ல. நீங்கதான் படுக்கையில புரண்டு புரண்டு கிடக்கிறீங்க. இழுங்கண்டு சொன்னா நான் இழுக்கிறன். அவ்வளவுதான்."

பள்ளிவாசலிலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை நடத்தும் ஹஸ்ரத்தின் பக்கத்தில் போய் நின்று, "காட்ஸ் விளையாடுற மேசை செய்றன்" என்று பாதியில் நிறுத்தினார். ஹஸ்ரத் அவர் முகத்தைப் பார்த்து, "ஒங்களுக்கு விளங்காததா?" என்றார். கோபமில்லாத குரல். கோபித்திருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். அதன்பிறகு இன்ஷாப் தொழுகையில் முதல் ஸஃப்பில் நிற்பதை விட்டுவிட்டார். கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில், தாமாகவே ஓர் இடம் பார்த்துக்கொண்டார்.

மேசைகள் போய்க்கொண்டுதான் இருந்தன. கற்பிட்டியில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர் தங்கும் விடுதிகள் முதலில் வாங்கின. பிறகு நாத்தாண்டி, மாரவில, சிலாபம் என்று வீடுகளுக்குப் போயின. ஒருவருக்குப் பச்சை வேண்டாம், நீலம் வேண்டும். ஒருவருக்குக் கால் உயரம். ஒருவர் மழையில் வெளியே போட்டுவிட்டுப் பலகை ஊதிவிட்டது என்று சண்டைக்கு வந்தார். பூட்டிக் கொடுக்கவும் திருத்தவும் அவரும் வின்சன்டோடு போக வேண்டியிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறுவதும் இறங்குவதுமாக இன்ஷாப்புக்கு வருடம் ஒன்று ஓடிப்போனது. சந்தோசமும் இல்லை, பெரிய துக்கமும் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

அந்த வீடுகளில் அவருக்கு நினைவில் நின்றது சிலாபத்தில் ஒரு வீடு. டெல்ரீன் என்ற பெண்மணி தாமே போன் பண்ணித் தம் கணவருக்காக மேசை கேட்டிருந்தார். கணவர் சாள்ஸ் மீன்காரருக்கு ஐஸ் செய்து விற்கிறவர். மேசையைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது டெல்ரீன், தச்சரைக் கூப்பிடும் வழக்கப்படி 'பாஸ்' என்று அழைத்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கிளப்புக்குப் போனா எப்ப வருவாரெண்டே தெரியாது, பாஸ். றோட்டையே பாத்துக்கொண்டு இருக்கணும். வீட்டுல விளையாடினாரெண்டா நான் நேரத்துக்குப் படுத்திருவன்."

சாள்ஸ் பெரிய உடம்பும் பெரிய குரலுமான மனிதர். மெத்தை விளிம்பில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி அழுத்திப் பார்த்தார். "பாஸ், இது மேசையில்ல, சிம்மாசனம்!" என்று இன்ஷாப்பின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அன்று முழுக்க அந்த இடம் வலித்தது.

அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை வின்சன்ட் முகமெல்லாம் சிரிப்பாக வந்து இறங்கினார். நீர்கொழும்புப் பக்கம் புதிதாக ஒரு கிளப் திறக்கப்போகிறார்களாம். மேசைகள் முழுவதும் இவர்களிடமே வேண்டுமாம்.

"இதைச் செஞ்சிட்டா ரெண்டு பேரும் கொஞ்சக் காலம் காலை நீட்டிப் படுக்கலாம், நானா. வார முடிவுக்குள்ள சொல்லுங்க. அவங்க பொறுக்கமாட்டாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றார் இன்ஷாப். யோசிக்க என்ன இருக்கிறது என்று வின்சன்டுக்கு விளங்கவில்லை. சரியாகச் சொன்னால், இன்ஷாப்புக்கும் விளங்கவில்லை.

புதன்கிழமை டெல்ரீன் போன் பண்ணினார்.

"பாஸ், அந்த மேசையைக் கொஞ்சம் வந்து வெட்டித் தர ஏலுமா?"

மனிசிக்கு வெறுத்துப்போய்விட்டது, துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் வைக்கப்போகிறார் என்றுதான் இன்ஷாப் நினைத்தார். அதில் அவருக்கு ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது. வாளையும் மற்றச் சாமான்களையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

சாள்ஸ் சக்கரக் கதிரையில் இருந்தார். பாரிசவாதம். வலது கை மடியில், யாரோ மறந்துபோய் வைத்துவிட்டுப்போன சாமான் மாதிரிக் கிடந்தது. வாயின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. இன்ஷாப்பைக் கண்டதும் இடது கையைத் தூக்கினார்.

"பா...ஸ்."

"ஈஸ்டர் முடிஞ்ச கையோட வந்தது" என்றார் டெல்ரீன். கண்ணுக்கடியில் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. "பிஸியோ மிஸ் ரப்பர் பந்து ஒண்டு குடுத்தா, அமத்திப் பழகச் சொல்லி. எறிஞ்சுபோட்டார். காசுக்குப் பதிலா வெச்சு விளையாடுற காயைக் கையில குடுத்தா மட்டும் பிடிக்கப் பாக்கிறார். மேசையில வெச்சு விளையாடுவமெண்டா, கதிரையிட கை வந்து விளிம்புல இடிக்குது. கிட்டப் போக ஏலாமக் கிடக்கு. அவர் இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டிவிடுங்கோ."

"கூட்டாளிமார் வாறேல்லையா, மிஸ்?"

"முதல்ல வந்தாங்க. அவங்களையும் பிழை சொல்லக்கூடாது. இவர் ஒரு காட் எடுக்கிறதுக்குள்ள அவங்களுக்குக் கொட்டாவி வந்திரும்."

இன்ஷாப் கதிரையின் அகலத்தை அளந்தார். ஒரு பக்கத்து விளிம்பைக் கழற்றி, பென்சிலால் அரைவட்டம் போட்டு, வாளை வைத்தார். பச்சைத் துணி கிழிந்து, ஸ்பொஞ்ச் தூள்தூளாக நிலத்தில் கொட்டியது. அந்தப் பக்கத்துக் கால் சக்கரத்தில் முட்டும்போல இருந்ததால் அதைக் கழற்றி உள்ளே தள்ளிப் பூட்டினார். வளைவுக்கு மெத்தை வைப்பது நேர் விளிம்புக்கு வைப்பதுபோல் இல்லை. ரெக்சின் சுருங்கிச் சுருங்கி வந்தது. றைஸா இல்லாமல் ஒற்றைக் கையால் இழுத்து அடித்தார். டெல்ரீன் வந்து மறு முனையைப் பிடித்தார்.

சாள்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் டெல்ரீன் கதிரையைத் தள்ளினார். கதிரை வளைவுக்குள் போய் நின்றது. இரண்டு கையும் துணிமேல் வந்தன. சாள்ஸ் வலது கையைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தார்.

"பாஸ், ஒரு கை இருங்கோவன்" என்றார் டெல்ரீன். "சோறு அடுப்புல. நான் பாத்திட்டு வாறன்."

"எனக்கு விளையாடத் தெரியாது, மிஸ். எங்கட ஆக்கள்..."

"காசில்ல, பாஸ். ஒண்டுமில்ல. சும்மா."

இன்ஷாப் வாசலைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். இத்தனை மேசை செய்தவர், ஒன்றிலும் இதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை. சாள்ஸ் இடது கையால் காட்ஸைப் பங்கிட்டார். எது பெரிது எது சிறிது என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தார். பாதிச் சொல் விளங்கவில்லை. பிறகு வலது கையால் ஒரு சிவப்புக் காயைத் தள்ளத் தொடங்கினார். விரல் வளைந்தது, காயில் முட்டியது, விலகியது. மறுபடி முட்டியது. நெற்றியில் வியர்வை பொடித்தது. இன்ஷாப் கை கொடுக்கப் போகவில்லை. காய் நடுவுக்கு வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குக் கொட்டாவி வரவில்லை என்பதை அவரே பிறகுதான் கவனித்தார்.

கொஞ்ச நேரத்தில் சோறு அடிப்பிடிக்கும் மணம் வந்தது. இன்ஷாப் எழுந்து குசினிக்குள் எட்டிப் பார்த்தார். டெல்ரீன் அகப்பை கையிலிருக்க, கதிரையில் இருந்தபடியே சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். வாய் சற்றுத் திறந்திருந்தது. இன்ஷாப் சத்தமில்லாமல் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிவந்தார்.

"தூக்கம்" என்றார்.

சாள்ஸ் இடது கை விரலை வாயில் வைத்து, எழுப்பவேண்டாம் என்று காட்டினார்.

விட்டுவிட்டு வருகிற மாதிரி இல்லை. அஸர் தொழுகை நேரமானதும் முற்றத்துக் குழாயில் முகம் கை கால் கழுவி வுளூ செய்து, பையிலிருந்த துவாயை விரித்து விறாந்தையில் தொழுதார். தொழுது முடித்து உள்ளே வந்தபோது சாள்ஸ் காட்ஸைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார். டெல்ரீன் எழும்பும்வரை விளையாடினார்கள்.

வீட்டுக்கு வந்து றைஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"நீங்களும் விளையாடினீங்களா?"

"ஓம்."

"காசு வெச்சா?"

"சீச்சீ, இல்ல."

"வெண்டீங்களா?"

"எல்லாம் தோத்துட்டன். எனக்கு ஒண்டும் விளங்கல்ல."

றைஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து அடங்கியபின், "அந்த மனிசி நல்லாத் தூங்கினாவா?" என்று கேட்டாள்.

"அடிச்சுப் போட்டமாதிரித் தூங்கினா."

"பாவம். தூங்கட்டும்."

சனிக்கிழமை வின்சன்ட் வந்தார். செய்யமாட்டேன் என்றார் இன்ஷாப்.

"ஹராமெண்டு சொல்றீங்களா? இவ்வளவு செஞ்ச பிறகா, நானா?"

"அதைச் சொல்றதெண்டா முதல் மேசையிலயே சொல்லியிருக்கணும். இப்ப சொல்ல எனக்கு வெக்கம்."

"அப்ப என்ன?"

"வீட்டுக்குக் குடுத்தா அது யார்ட மேசையெண்டு எனக்குத் தெரியும். கால் ஆடினாப் போய்ப் பாப்பன். அங்க குடுத்தா யார் இருக்கிறான், யார் எழும்பிப் போறான், ஒண்டும் தெரியாது. வீட்டுல யாரோ ஒருத்தி றோட்டைப் பாத்துக்கொண்டு இருப்பா. ஏலாது, வின்சன்ட். எனக்குக் களைச்சுப்போச்சு."

வின்சன்ட் கெட்ட மனிதரில்லை. கத்தவுமில்லை. எட்டு மூலை வெட்டுவதற்கு வைத்திருந்த அச்சுப் பலகையைத் தூக்கி வேனில் போட்டார். மாரவிலவில் வேறொரு தச்சுப் பாஸைப் பிடித்துச் செய்வித்தார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். வீட்டு மேசைகளுக்கும் அதன்பிறகு அவர் வரவில்லை.

ஹஸ்ரத்திடம் இன்ஷாப் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரிசையிலேயே நின்றார். அந்த இடம் பழகிவிட்டது. கோழிக்கூடு, உடைந்த கட்டில், அலுமினியம் வாங்க வசதியில்லாதவனுடைய யன்னல் என்று கிடைத்ததைச் செய்தார். கிடைக்காத நாளில் கொட்டகையைக் கூட்டினார்.

சிலாபத்துக்கு இடைக்கிடை போகிறார். அவர் போகாமலிருந்தால் றைஸாவே, "அந்த மனிசிக்கு நித்திரை எப்பிடியோ தெரியாது" என்று தொடங்கிவிடுவாள். சாள்ஸின் கை பெரிதாகத் திருந்தவில்லை. காயைத் தள்ளுகிற விரலோடு இன்னொரு விரலும் இப்போது கொஞ்சம் வளைகிறது, அவ்வளவுதான். டெல்ரீன், சாள்ஸ் காட்ஸ் பங்கிடும்வரை நின்றுவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார். இன்ஷாப் இன்னும் ஒழுங்காக விளையாடப் பழகவில்லை.

போன வாரம் திரும்பி வருகையில் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுதான் தெரியும்; தூங்கிப்போனார். முந்தல், இறங்கவேண்டிய மதுரங்குளி எல்லாம் போய், பாலாவியில் கண்டக்டர் தோளைத் தட்டினான்.

"எங்க நானா இறங்கணும்?"

எழும்பிப் பார்த்தார். வெளியே உப்பளத்துத் தண்ணீர் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. இறங்கி, றோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் வரும் பஸ்ஸுக்காகப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார்.